நெஞ்சு எக்ஸ்ரே: நுரையீரல் மருத்துவரிடம் கேள்வி பதில்

கரூர்: ரிப்போர்ட்டில் 'பிராங்கோவாஸ்குலர் மார்க்கிங்ஸ் அதிகம்' என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது டாக்டர்.

மூச்சுக்குழாயும் கூடவே ஓடும் ரத்தக்குழாயும் படத்தில் கொஞ்சம் தடித்துத் தெரிகின்றன. மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்காமல் எடுத்தாலே அப்படித் தெரியும். இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு இல்லையென்றால் அந்த வரிக்காக மருந்து வேண்டாம்.

திண்டுக்கல்: 2 வயசுப் பையனுக்கு வேர்க்கடலை தின்னும்போது புரையேறியது. அப்புறம் சரியாகிவிட்டான். பத்து நாளாக ஒரு பக்கம் மட்டும் வீசிங். எக்ஸ்ரே நார்மல் என்கிறார்கள்.

இன்றைக்கே பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது) வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் அம்மா. காசு விழுங்கினால் படத்தில் தெரியும், கடலை தெரியாது. மூச்சு இழுக்கும்போது அதைத் தாண்டிக் காற்று உள்ளே போகும், விடும்போது மாட்டிக்கொள்ளும். அதனால் அந்தப் பக்க நுரையீரல் உப்பி, படத்தில் கூடுதலாகக் கறுத்திருக்கும். மூச்சை விடும்போது எடுத்த படத்தில்தான் அது நன்றாகப் பிடிபடும்; சில குழந்தைகளுக்கு அதிலும் தெரியாது. புரையேறியதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். 5 வயது வரை முழுக் கடலை கொடுக்கவே கூடாது.

ஆவடி: ஆஸ்துமா எக்ஸ்ரேயில் தெரியுமா?

பெரும்பாலும் படம் நார்மலாகவே இருக்கும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி செய்யுங்கள்.

தஞ்சாவூர்: வலது மேல்பக்கம் நிழலாம். சளி பார்க்காமலே காசநோய் மாத்திரை எழுதிவிட்டார்கள். ஆரம்பிக்கலாமா?

முதலில் சளியைக் கொடுங்கள். நிமோனியா, புற்று, பழைய தழும்பு எல்லாமே அதே இடத்தில் நிழலாக விழும். அரசு மருத்துவமனையில் சிபிநாட் என்ற சளிப் பரிசோதனை இலவசம். கிருமி இருக்கிறதா, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா, இரண்டையும் சொல்லிவிடும்.

சேலம், லேப் டெக்னீஷியன்: 2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் எக்ஸ்ரே இல்லாவிட்டால் காசநோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தவறிப் போயிருப்பார்கள். நீங்கள் எக்ஸ்ரேயைக் குறைத்துப் பேசுகிறீர்கள்.

அந்தக் கணக்கை நானும் மேடைதோறும் சொல்கிறவள். அங்கே எக்ஸ்ரே, இருமலே இல்லாதவர்களையும் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது. அவர்களிடம் சளி வாங்கிக் கிருமியைக் கண்ட பிறகே நோயாளி என்று எண்ணினார்கள். ஆறு மாதம் மாத்திரை விழுங்கிவிட்டு என்னிடம் வந்த லாரி ஓட்டுநர் ஒருவரின் இரண்டு பிலிம்களையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். எலுமிச்சை அளவிருந்த நிழல் சாத்துக்குடி ஆகியிருந்தது. புற்றுநோய். அந்த ஆறு மாதமும் அவரிடம் யாரும் சளி கேட்கவில்லை.

சேலம்: சளியே வராதவருக்கு?

நியாயமான கேள்வி. உப்புநீர் ஆவி கொடுத்து வரவழைக்கலாம், பிராங்கோஸ்கோப்பியில் கழுவி எடுக்கலாம். அதிலும் கிடைக்காமல், மற்ற நோய்களையும் பார்த்து விலக்கிய பிறகு, படத்தை வைத்துத் தொடங்குவதுண்டு. அதை மறுக்கவில்லை. முதல் நாளே தொடங்குவதைத்தான் மறுக்கிறேன்.

ஓசூர்: 'மார்க்கிங்ஸ் அதிகம்' என்றால்...

கரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இது நான்காவது முறை. ரிப்போர்ட் வரியை விடுங்கள், உடம்புக்கு என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

கோவை: வயது 32, புகைப்பழக்கம் இல்லை. வருஷா வருஷம் சிடி எடுக்கலாமா?

வேண்டாம். உடம்பில் படும் கதிர்வீச்சு நெஞ்சு எக்ஸ்ரேக்கு 0.02 மில்லிசீவர்ட், சாதாரண நெஞ்சு சிடிக்கு 5 முதல் 7.

தஞ்சாவூர்: நாளைக் காலை சளி கொடுக்கப் போகிறேன். எப்படிக் கொடுப்பது?

பல் துலக்கும் முன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். ஆழமாக இரண்டு மூன்று முறை மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்புங்கள். எச்சில் வேண்டாம், கெட்டியாக வர வேண்டும். திறந்த வெளியில் நின்று எடுங்கள், பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம். டப்பா மூடியை இறுக்கி உடனே கொண்டுபோய்க் கொடுங்கள்.