கைதானவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, சாதாரண உடையில் வந்த சிலர் அவனை அறையிலிருந்து அழைத்துச் சென்றதாக உடன் தங்கியிருந்தவர்கள் சொன்னார்கள். அவனுடைய கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து நாங்கள் கிளம்பி வந்து, வேப்பேரி ஆணையர் அலுவலகம், எழும்பூர் நீதிமன்றம் என்று அலைந்தோம். திங்கட்கிழமைதான் அவன் ஓர் அடிதடி வழக்கில் புழல் சிறையில் இருப்பது தெரிந்தது. இப்போது ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கின் தாள்களில் அவன் வெள்ளிக்கிழமை பகலில் கைது செய்யப்பட்டதாக இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் எங்கள் உறவினர், அங்கே நேற்று இரவு கைதானவர் பெயரைக்கூட இணையத்தில் பார்க்கலாம் என்கிறார். சென்னையில் அப்படி ஏதும் உண்டா? நாங்கள் எங்கே பார்த்திருக்க வேண்டும்? ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்தால் ‘லிஸ்ட்’ பார்த்துச் சொல்வதாக ஒருவர் வந்தார், நாங்கள் கொடுக்கவில்லை. நடந்ததைப் பற்றி இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறவினர் சொல்வது உண்மைதான். அமெரிக்காவில் பல கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற பகுதிகளின்) ஷெரிஃப் என்னும் காவல் தலைவரின் அலுவலகங்கள், சிறைக்குள் கொண்டுவரப்பட்டவரின் பெயர், குற்றச்சாட்டு, பிணைத் தொகை ஆகியவற்றை, பல இடங்களில் புகைப்படத்தோடும், இணையத்தில் வெளியிடுகின்றன. அந்தப் படங்களைத் தனியார் தளங்கள் எடுத்துப் போட்டு, நீக்குவதற்குப் பணம் கேட்கும் அளவுக்குப் போய், அதைத் தடுக்கப் பல மாநிலங்கள் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சென்னையில் கைதானவர்கள் அனைவரையும் பெயரிட்டுத் தேடிப் பார்க்கும்படியான ஒரே இணையப் பட்டியல் கிடையாது. நம் சட்டம், கைதானவரின் குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய கடமையைக் காவல்துறையின் மீது சுமத்துகிறது. அந்தக் கடமை தவறும்போது தேட வேண்டிய பதிவுகள் காவல் நிலையம், நீதிமன்றம், சிறை ஆகிய மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. எந்த நேரத்தில் எந்த இடத்தில் கேட்பது என்பதுதான் முக்கியம்.

முதலில் கடமையைப் பார்ப்போம். உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் வகுத்த நெறிகளின்படி, கைது செய்யும்போதே கைதுக் குறிப்பாணை ஒன்று தயாரிக்கப்பட வேண்டும். குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரின் உறவினர் அல்லது நண்பருக்குத் தகவல் போக வேண்டும். அவர்கள் வேறு மாவட்டத்தில் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் சேர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36, 48 ஆகிய பிரிவுகளில் இந்தக் கடமையின் சாரம் இடம்பெற்றுள்ளது. யாருக்குத் தகவல் சொல்லப்பட்டது என்பதை நிலையத்தில் உள்ள பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும், ஆஜர்படுத்தப்படும்போது இவை நடந்தனவா என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் 48-ஆவது பிரிவு சொல்கிறது. நண்பருக்குச் சொன்னாலும் கடமை நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்பதால், உங்கள் தம்பியின் அறைத்தோழர்களில் யாருடைய பெயராவது அந்தப் பதிவில் இருக்கிறதா என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்கும் ‘பட்டியல்’ என்பதற்கு மிக அருகில் வருவது அதே சட்டத்தின் 37-ஆவது பிரிவு. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாநில அளவிலும் காவல் கட்டுப்பாட்டு அறை இருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஓர் அலுவலர், கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரிக்க வேண்டும். அந்த விவரம் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட வேண்டும். மின்னணு வடிவிலும் வைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-சி பிரிவு, கைது செய்த காவலரின் பெயரையும் பதவியையும் பலகையில் போடச் சொன்னதோடு, மாநிலத் தலைமையகத்தில் பொதுமக்களின் தகவலுக்காக ஒரு தரவுத்தொகுப்பையும் பராமரிக்கச் சொன்னது. புதிய பிரிவில் அந்த இரண்டு வாசகங்களும் இல்லை. இது பின்னடைவு என்பது என் கருத்து. ஆனாலும் பலகையைப் பார்ப்பதும், ‘37-ஆவது பிரிவின்படி நியமிக்கப்பட்ட அலுவலர் யார்?’ என்று கேட்பதும் உங்கள் உரிமை. பலகை வெறுமையாக இருந்தால் அதையே தேதி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பயன்படும்.

நீங்கள் நாட்களை இழந்தது பெரும்பாலும் எல்லைக் குழப்பத்தால். சென்னைப் பெருநகரம் 2022 ஜனவரியிலிருந்து சென்னை, தாம்பரம், ஆவடி என மூன்று காவல் ஆணையரகங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அம்பத்தூர் மாநகராட்சிக் கணக்கில் சென்னைக்குள் இருந்தாலும், காவல் கணக்கில் ஆவடி ஆணையரகத்தைச் சேர்ந்தது. வேப்பேரியில் இருப்பது சென்னை ஆணையர் அலுவலகம்; அங்கே விசாரித்தால் ‘எங்களிடம் இல்லை’ என்ற பதில் பொய்யாக இல்லாமலேயே கிடைக்கும். நீதிமன்றமும் அப்படித்தான். அம்பத்தூர் நிலையத்தின் வழக்கை எழும்பூரில் தேடுவது வீண். அந்த நிலையம் எந்த நடுவரின் அதிகார வரம்பில் வருகிறது என்று கேட்டு, அம்பத்தூரிலேயே தேடலைத் தொடங்கியிருக்க வேண்டும். அழைத்துச் சென்றவர்கள் உள்ளூர் நிலையத்தைச் சேர்ந்தவர்களாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. குற்றப்பிரிவின் தனிப்படையாக இருக்கலாம். வேறு மாவட்டத்துப் போலீசாகவும் இருக்கலாம். ஆகவே 112-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மூன்று ஆணையரகங்களின் கட்டுப்பாட்டு அறைகளிலும் தனித்தனியே கேட்க வேண்டும்.

அடுத்தது 24 மணி நேரக் கணக்கு. அரசமைப்பின் 22(2) உறுப்பும் சன்ஹிதாவின் 58-ஆவது பிரிவும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கைதானவரை நடுவர் முன் ஆஜர்படுத்தச் சொல்கின்றன. விடுமுறை நாளானால் நடுவரின் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பதால், அரசு மருத்துவமனையில் விசாரிப்பதும் பலன் தரும். ஆக, முதல் நாள் நிலையத்திலும் மருத்துவமனையிலும் தேடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து நடுவர் நீதிமன்ற அலுவலகத்திலும் சிறையிலும் தேடுங்கள். ரிமாண்ட் உத்தரவு, அதாவது கைதானவரைக் காவலில் வைக்க நடுவர் இடும் உத்தரவு, நீதிமன்ற ஆவணம். எந்தச் சிறைக்கு அனுப்பப்பட்டார் என்பது அதில் இருக்கும். அந்த நீதிமன்றத்தில் வழக்கமாக ஆஜராகும் ஒரு வழக்கறிஞர், நிலையத்தின் பெயரையும் தேதியையும் சொன்னால் சிறிது நேரத்திலேயே இதைக் கண்டறிந்துவிடுவார். புழலில் விசாரணைக் கைதிகளுக்கு மத்தியச் சிறை-2, தண்டனைக் கைதிகளுக்கு மத்தியச் சிறை-1, பெண்களுக்குத் தனிச் சிறை என மூன்று வளாகங்கள் உள்ளன. சிலர் கிளைச் சிறைகளுக்கும் அனுப்பப்படுவதுண்டு. ஒரு வாயிலில் ‘இல்லை’ என்றால் அடுத்த வாயிலிலும் கேட்க வேண்டும்.

இணையத்தில் பார்க்கக்கூடியவையும் சில உண்டு. 2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, முதல் தகவல் அறிக்கைகள் பதிவான 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் தளத்தில் ஏற்றப்பட வேண்டும். பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம், குழந்தைகள் தொடர்பான வழக்குகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டத்தையும் நிலையத்தையும் தேர்ந்து தேடலாம். ஆனால் இது வழக்குகளின் பட்டியலே தவிரக் கைதானவர்களின் பட்டியல் அல்ல. அறிக்கையில் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று இருந்து, பெயர் பிறகு சேர்க்கப்பட்டிருக்கலாம். நீதிமன்ற வழக்குகளைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையத்தின் பெயரையும் குற்ற எண்ணையும் (முதல் தகவல் அறிக்கையின் எண்) கொண்டு தேடினால் ஜாமீன் மனுக்கள் தெரியவரும். அதிலும் முதல் ஓரிரு நாட்களில் ஏதும் கிடைக்காமல் போகலாம். சிறைத்துறையின் இ-முலாகாத் சேவை, உள்ளே இருப்பவரைப் பார்க்க முன்பதிவு செய்வதற்கானது, தேடுவதற்கானது அல்ல.

பணம் கேட்டு வந்தவரை அனுப்பிவிட்டது சரி. அவர் பார்த்துச் சொல்லும் ‘லிஸ்ட்’ மேலே சொன்ன பதிவுகளில் ஒன்றுதான். அதற்குக் கட்டணம் கிடையாது. அதில் ஒரு பங்கு அரசு ஊழியருக்குப் போவதாக இருந்தால், 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு கொடுப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. வற்புறுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே விலக்கு. இலவசமாக உதவ 15100 என்ற தேசியச் சட்ட உதவி எண் இருக்கிறது. காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவிக்குத் தகுதி உடையவர்.

எந்தக் கதவும் திறக்கவில்லை என்றால் எழுத்தில் இறங்க வேண்டும். ஆணையருக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஆளைக் காணவில்லை என்று நிலையத்தில் மனு கொடுத்து, மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 7(1) பிரிவு, ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தரச் சொல்கிறது. மனுவின் தலைப்பிலேயே அதைக் குறிப்பிடுங்கள். 24 மணி நேரம் கடந்தும் எங்கே என்று தெரியவில்லை என்றால், அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை, அரசமைப்பின் 226-ஆவது உறுப்பின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். அந்தப் பேச்சு எழுந்ததுமே பல ‘காணாமல் போனவர்கள்’ நிலையக் கணக்கில் தோன்றிவிடுவதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். முறையான ரிமாண்ட் உத்தரவு பிறந்துவிட்ட பின் பொதுவாக அந்த மனு நிற்காது. அதன் பிறகு ஜாமீன் மனுதான் வழி. 18 வயது நிறையாதவரை லாக்-அப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. அவரைப் பற்றி இளைஞர் நீதிக் குழுமத்தில் கேட்க வேண்டும். அவருடைய அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம் என்பதால் அவர் பெயர் எந்தப் பலகையிலும் இருக்காது.

இனி, நடந்ததைப் பற்றி. உங்கள் கடிதத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, வியாழன் இரவு அழைத்துச் செல்லப்பட்டவர் வெள்ளிக்கிழமை பகலில் கைதானதாக எழுதப்பட்டிருப்பதுதான். ‘விசாரணைக்குத்தான் கூட்டி வந்தோம், கைது செய்யவில்லை’ என்பது நிலையங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். சட்டத்தில் அப்படி ஓர் இடைநிலை இல்லை. சாட்சியாக அழைப்பதென்றால் சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவின் கீழ் எழுத்துமூல உத்தரவு வேண்டும்; குற்றம் சாட்டப்பட்டவரைக் கைது செய்யாமல் விசாரிப்பதென்றால் 35(3)-இன் கீழ் அறிவிப்பு வேண்டும். இரண்டும் இல்லாமல், தன் விருப்பப்படி வெளியேற முடியாத நிலையில் ஒருவர் வைக்கப்பட்டால், 24 மணி நேரக் கணக்கு அந்த நொடியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது என்று வாதிட இடம் உண்டு. எந்த நாளில், எத்தனை மணிக்கு நடுவர் முன் நிறுத்தப்பட்டார் என்பதை ரிமாண்ட் தாளில் பாருங்கள். வியாழன் இரவிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அது நடந்திருந்தால் இந்த வாதத்தின் வலு குறையும். உங்களுக்குத் தகவல் சொல்லவில்லை என்ற குறை அப்போதும் நிற்கும்.

கைதுக்கான காரணங்கள் அவருக்குத் தெரிவிக்கப்பட்டனவா என்பது தனிக் கேள்வி. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில், காரணங்களைத் தெரிவிக்காத கைது சட்டவிரோதம் என்றும், தெரிவித்ததை நிரூபிக்கும் பொறுப்பு காவல்துறையினுடையது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் தம்பி ஜாமீனில் இருப்பதால் இது இப்போது அவரை விடுவிக்கப் பயன்படாவிட்டாலும், மாநில மனித உரிமைகள் ஆணையத்தில் செய்யும் புகாருக்கு அடிப்படையாகும். அந்தப் புகாரை நிகழ்வு நடந்த ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் இந்த வாரமே இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள். முதலாவது, கைதுக் குறிப்பாணை, ரிமாண்ட் உத்தரவு, மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களுக்கு உங்கள் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் நகல் மனு போடுங்கள். இரண்டாவது இன்னும் அவசரமானது. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள், அது இயலாத இடங்களில் குறைந்தது ஓராண்டு, பாதுகாக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு அப்படி இருந்தாலும், கேட்கும்போது ‘கேமரா பழுது’, ‘பதிவு அழிந்துவிட்டது’ என்ற பதில்கள் வருவதுண்டு. ஆகவே அந்த வியாழன் மாலை முதல் சனிக்கிழமை காலை வரையிலான பதிவுகளை அழிக்காமல் வைக்குமாறு ஆவடி ஆணையருக்கும் நிலைய ஆய்வாளருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதன் நகலை இணைத்து, பதிவுகளைப் பாதுகாக்க உத்தரவிடக் கோரி நடுவர் நீதிமன்றத்தில் ஒரு மனுவும் போடுங்கள். அறை இருக்கும் கட்டடத்திலோ எதிர்க் கடையிலோ கேமரா இருந்தால், தனியார் பதிவுகளை நீண்ட நாள் வைத்திருக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்பதால், அதன் நகலை இன்றே கேட்டு வாங்க முயலுங்கள். உடன் தங்கியிருந்தவர்களையும், நினைவு மங்குவதற்கு முன், தாங்கள் கண்டதைத் தனித்தனியே எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள்.