வைத்தியம் முடிந்தது, ஃபைல் எங்கே?

கீமோ வார்டில் பதினான்கு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. சின்ன வயதில் புற்றுநோய் வைத்தியம் முடித்தவர்கள் கேளுங்கள் என்றேன், கொட்டிவிட்டீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டர் பாடு.

வியாசர்பாடி, 23: ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். 12 கீமோ முடிந்து எட்டு மாதம். கால்பந்து ஆடினால் பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது அக்கா.

உடம்பு அசதியாகவும் இருக்கலாம் தம்பி, ஆனால் அப்படியே விட்டுவிடாதே. உனக்கு ஏறியது பெரும்பாலும் நான்கு மருந்து. அதில் ஒன்று சிவப்பாக இருக்குமே, போட்ட அன்று சிறுநீர்கூடச் சிவக்குமே, அது டாக்சோரூபிசின். இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடியது, சிலருக்குப் பல வருடம் கழித்துக்கூட. இன்னொன்று ப்ளியோமைசின், சிலருக்கு நுரையீரலைத் தழும்பாக்கும். டாக்டரைப் பார்த்து எக்கோவும் (இதய ஸ்கேன்) நுரையீரலுக்கு ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டும் எடுத்துவிட்டு மைதானத்துக்குப் போ. அப்புறம், நாளைக்குக் கால் உடைந்து ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் ப்ளியோமைசின் ஏறியதை நீயே சொல்லணும். ஆக்சிஜன் அளவில் அவர் ஜாக்கிரதையாக இருப்பார்.

இந்தப் பெயரெல்லாம் ஞாபகம் இருக்குமா? இருக்காது. அதற்குத்தான் ஃபைல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வந்ததே, அப்புறம் ஒரு பையன் தன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தான். தாளெல்லாம் கறுத்து அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தது. டாக்சோரூபிசின் மொத்த அளவு எழுதியிருந்த இடத்தில் எண்ணெய்க் கைரேகைதான் இருந்தது. அந்த மருந்துக்கு, ஆயுளுக்கே மொத்தம் இவ்வளவுதான் என்ற வாழ்நாள் கணக்கு உண்டு. எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் அடுத்த டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்? டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றைக்கே போட்டோ எடுத்து உன் மெயிலுக்கு அனுப்பு.

ராயபுரம், 27: பத்தொன்பது வயதில் கழுத்திலும் மார்பிலும் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. செக்கப் தேவையா?

தேவை பாப்பா. தைராய்டுக்கு வருடம் ஒருமுறை டிஎஸ்ஹெச் என்ற ரத்த டெஸ்ட். மார்பகத்துக்கு மேமோகிராம், எம்ஆர்ஐ. கரண்ட் வைத்து எட்டு வருடம் ஆவதும் 25 வயது ஆவதும், இரண்டில் எது பிந்தியோ அதிலிருந்து வருடா வருடம். உன் கணக்குக்கு இந்த வருடம்தான் ஆரம்பம்.

தண்டையார்பேட்டை: முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் திரும்ப வராதாமே?

அதற்கு ஆதாரம் இல்லை. குவாதலூப் தீவில் அதை நிறையச் சாப்பிட்டவர்களுக்குப் பார்க்கின்சன் மாதிரி நரம்பு நோய் வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். வேண்டாம்.

மண்ணடி, 21: பீச் லைனில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடலாமா?

கீமோ ஓடும்போது அதில் போடும் பச்சைக் கோஸும் வெங்காயமும் கூடாது என்றோம். இப்போது ரத்த அணுக்கள் சரியாக இருந்தால் சாப்பிடு. எனக்கும் ஒரு பிளேட்.

திருவொற்றியூர், ஒரு அம்மா: மகனுக்கு 28. விரையில் கட்டி எடுத்துக் கீமோவும் முடிந்து மூன்று வருடம். பெண் வீட்டில் சொல்லணுமா?

சொல்லுங்கம்மா.

*கொடுங்கையூர்க்காரர் குறுக்கே வந்தார்:* சொல்வது சுலபம். நான் உண்மையைச் சொல்லி மூன்று வரன் போச்சு.

*பெரம்பூரிலிருந்து ஒரு பெண்:* என்னிடம் மறைத்தார்கள். நாலாவது மாதம் பீரோவில் புடவைக்கு அடியில் கணவரின் செக்கப் சீட்டு. மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு ஆயா வரைக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது.

*கொடுங்கையூர்:* சொல்லியிருந்தால் கட்டியிருப்பீர்களா?

*பெரம்பூர்:* தெரியாது. யோசிக்கவே விடவில்லையே.

கொடுங்கையூர்த் தம்பி பக்கமும் நியாயம் இருக்கிறது. தரகரிடம் சொல்லி, ஜாதகத்தோடு நோயையும் ஊர் சுற்றவிட வேண்டாம். இருவருக்கும் பேசிப் பிடித்த பிறகு, தட்டு மாற்றுவதற்கு முன்னால் பையனே சொல்லட்டும். அதற்கு முன் விந்துப் பரிசோதனை எடுத்துக்கொண்டால், குழந்தை பற்றிக் கேட்டால் பதில் இருக்கும். முக்கியமானதை மறைத்துக் கட்டினால் கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனாலும் போவார்கள்.

புளியந்தோப்பு: மெடிக்கல் இன்சூரன்ஸ் ஃபாரத்தில் மறைக்கலாமா?

இப்போதுதானே பேசினோம்! கிளெய்ம் கேட்கும் அன்று அதையே காட்டி மறுப்பார்கள். உண்மையைச் சொன்னால், பழைய நோய்க்குக் கிளெய்ம் தராமல் காக்க வைப்பது 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம்தான்.

எர்ணாவூர்: முள்சீத்தா பழமாவது...

மேலே படியுங்கள்.

மணலி, 25: வைத்தியம் முடிந்து நாலு வருடம். என்ன மருந்து ஏறியது என்றே தெரியாது, ஃபைலும் இல்லை.

ஓ.பி. சீட்டு, பழைய ரத்த ரிப்போர்ட், ஏதாவது ஒன்றில் பதிவு எண் இருக்கும். வீட்டில் தேடி எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்த்த இடத்தின் ரெக்கார்டு ரூமுக்குப் போ. மருந்தின் பெயரோடு மொத்த அளவையும் கேட்டு வாங்கு.