எழுப்ப வேண்டியவன் உள்ளே தூங்குகிறான்

கேள்வி: எங்களுடையது பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். என் மகன் ஆயரின் (பிஷப்பின்) அனுமதியோடு, ஞானஸ்நானம் பெறாத பெண்ணைக் கோவிலில் வைத்து மணந்தான். அவளுக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. நல்ல பெண்தான், ஆனால் ஞாயிறு பூசைக்கு வருவதில்லை. ஒருமுறை வற்புறுத்தி அழைத்துப் போனேன். நற்கருணை (இயேசுவின் உடலாக நாங்கள் நம்பும் அப்பம்) வாங்க எல்லோரும் எழுந்தபோது நான் கண்ணைக் காட்டியும் அவள் அசையவில்லை. எனக்குத் தலைகுனிவாகிவிட்டது. தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடும் ஒருசந்தி இல்லை, வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம் இல்லை. செபமாலை நேரத்தில் அறைக்குள் போய்விடுகிறாள். மகன் வாரம் முழுக்க உழைத்துக் களைத்து ஞாயிறு காலையில் தூங்குவான், அவனை எழுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அவளாவது வரலாம் அல்லவா? இப்போது ஆறு மாத கர்ப்பம். பேரக்குழந்தையும் இப்படியே வளர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவள் எங்கள் வேத ஒழுங்குக்கு உட்பட வேண்டாமா?

பதில்: வேண்டாம், அம்மா. இதே கேள்வியோடு எத்தனையோ மாமியார்களின் கடிதங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் மகனைப் பற்றி ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். உங்கள் கடிதத்திலும் இருக்கிறது: ‘மகன் தூங்குவான், எழுப்ப எனக்கு மனம் வருவதில்லை.’

ஞாயிறு பூசை யாருக்குக் கடமையோ அவன் போர்வைக்குள் கிடக்கிறான். யாருக்குக் கடமையே இல்லையோ அவள்மீது குற்றப்பத்திரிகை எழுதுகிறீர்கள். 1983-ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 11-ஆம் சட்டத்தைப் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். திருச்சபை தானாக இயற்றிய சட்டங்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்களை, அல்லது அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அவர்களுக்கும் புத்தி விவரம் இருக்க வேண்டும், பொதுவாக 7 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் மருமகள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டாள். உங்கள் மகன் முழுதாக வருகிறான்.

வாரம் முழுக்க உழைக்கிறான் என்கிறீர்கள். ஆறு மாத வயிற்றோடு நடமாடுகிறவளுக்குக் களைப்பு கிடையாதா? அவனைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பான், அது உங்களுக்கு வலிக்கும். அவளைக் கேட்டால் அந்த வலி இல்லை. இதுதான் காரணம், இதற்கு வேதத்தின் பெயரைச் சூட்டாதீர்கள். பெற்ற பிள்ளையிடம் ‘ஏன் கோவிலுக்கு வருவதில்லை’ என்று கேட்கத் துணிவில்லாத தாய்க்கு, மருமகளிடம் அதைக் கேட்கும் தகுதியும் இல்லை.

கொலை செய்யாதே, களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பவை எல்லோருக்கும் பொது என்றுதான் திருச்சபை போதிக்கிறது. மோசேயின் திருச்சட்டம் பெறாதவர்களின் உள்ளத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதினார். ஞாயிறு பூசையும் ஒருசந்தியும் அந்த வகை அல்ல; அவை திருச்சபை தன் வீட்டாருக்கு வகுத்த ஒழுங்கு. வெளியே இருப்பவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது என் வேலையா என்று கொரிந்தியருக்கு எழுதிக் கேட்டவரும் அதே பவுல்தான். உள்ளே இருப்பவர்களை விசாரிக்கச் சொன்னார். நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள்.

திருமணத்தில் மட்டும் சட்டம் அவளையும் தொட்டது. ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் திருச்சபையின் கணக்கில் அந்தத் திருமணம் செல்லாது. மகனுக்காக அவள் அதற்கு இணங்கினாள். அதற்கு மேல் எதற்கும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

நற்கருணை விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் கடிந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஞானஸ்நானம் பெறாதவர் நற்கருணை வாங்கக் கூடாது. உங்கள் கண்ஜாடைக்குப் பணிந்து அவள் வரிசையில் போய் நின்றிருந்தால் தவறு நடந்திருக்கும், அதற்குக் காரணம் நீங்களாக இருந்திருப்பீர்கள். நம்பிக்கை இல்லாத பெண் இருக்கையிலேயே இருந்து நற்கருணையின் மரியாதையைக் காப்பாற்றினாள். பரம்பரைக் கத்தோலிக்கரான நீங்கள் பக்கத்து வரிசை என்ன நினைக்கும் என்று கவலைப்பட்டீர்கள்.

ஒருசந்தி கட்டாயமான நாட்கள் இரண்டே: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும் வரைதான் அந்தக் கடமை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. கர்ப்பிணி கத்தோலிக்கராகவே இருந்தாலும் ஒருசந்திக்கு விலக்கு உண்டு. வயிற்றில் உங்கள் பேரக்குழந்தையை வைத்திருப்பவள் சாப்பிடுகிறாள் என்று புகார் எழுத எப்படிக் கை வந்தது? அவள் சமைக்க வேண்டிய நாள் என்றால், ‘வெள்ளிக்கிழமை எங்களுக்கு இறைச்சி வேண்டாம்’ என்று முந்தின நாளே சொல்லுங்கள். நியாயமான கோரிக்கை அது. அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள்.

மருமகளுக்குக் கடமையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நீங்கள் செபிக்கும்போது டிவியைக் குறைப்பது, கேலி பேசாமல் இருப்பது, கணவன் கோவிலுக்குக் கிளம்பினால் தடுக்காமல் இருப்பது ஆகியவற்றை அவளிடம் தாராளமாக எதிர்பார்க்கலாம். பெரியவர்களோடு வாழ வந்தவள் அதைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் செபமாலை நேரத்தில் அறைக்குள் போவது அவமரியாதை ஆகாது. உங்களுக்கு இடம்விடுவதாகவும் இருக்கலாம். செபத்துக்கு ஒரு நேரத்தைக் குறித்து, அந்த நேரத்தில் தொடங்கி முடியுங்கள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். ‘மனந்திரும்பாத ஆன்மாக்களுக்காக’ என்று அறைக் கதவைப் பார்த்துச் சத்தமாக வேண்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது செபம் இல்லை, ஜாடைப் பேச்சு.

இனி பேரக்குழந்தை. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததெல்லாம் செய்வேன் என்று இத்தகைய திருமணத்துக்கு முன் வாக்குக் கொடுப்பவர் கத்தோலிக்கத் தரப்பு மட்டுமே. அப்படி ஒரு வாக்கு இருப்பதை மற்றவருக்குத் தெரிவித்தால் போதும். பழைய 1917 சட்டத்தில் இருவருமே உறுதி தர வேண்டியிருந்தது. 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றினார். ஆக, வாக்குக் கொடுத்தவன் உங்கள் மகன். காப்பாற்ற வேண்டியவனும் அவனே. ஞாயிறுதோறும் தூங்குகிற தகப்பன் பிள்ளையை எப்படிக் கத்தோலிக்கராக வளர்ப்பான் என்று பங்குத்தந்தை கேட்பார். கேட்கத்தான் வேண்டும்: பெற்றோரில் ஒருவர் சம்மதித்தாலே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றாலும், அது விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டும் என்பதே சட்டம்.

உங்கள் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெற்றவர்கள் இல்லாத நேரத்தில் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி, ஞானஸ்நான மந்திரத்தைச் சொல்லிவிடும் பாட்டிகள் இருக்கிறார்கள். சாகும் ஆபத்து இருந்தால் மட்டுமே அதற்கு அனுமதி. மற்ற நேரத்தில் செய்தால் ஞானஸ்நானம் செல்லும். மறுபடி கொடுக்கவும் முடியாது. ஆனால் நீங்கள் சட்டத்தை மீறியவராவீர்கள், உங்கள் மகனும் மருமகளும் அந்தக் குழந்தையை உங்களிடம் தனியாக விடவும் மாட்டார்கள்.

குழந்தை பிறப்பதற்கு முன்பேகூடப் பெற்றோர் பங்குத்தந்தையைப் பார்த்துப் பேசச் சட்டம் இடம் தருகிறது. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. முதலில் மகன் மனைவியிடம் நேராகப் பேசட்டும். கொடுத்த வாக்கை நினைவுபடுத்தட்டும், அவளுடைய தயக்கத்தையும் முழுதாகக் கேட்கட்டும். பிறகு அவனே போய்ப் பங்குத்தந்தையிடம் நேரம் வாங்கட்டும். மருமகளையும் அழைத்து வாருங்கள் என்று அவர் சொன்னால் அவள் போவதும் போகாததும் அவள் விருப்பம். போனால், அந்த அறையில் நீங்கள் இருக்க வேண்டாம்.