கம்பெனி 8 மாதமாக ஜாப் ஒர்க் பாக்கி தரவில்லை. மாவட்டத் தொழில் மையம் வழியாக மனு போட்டால் பணம் வருமா?

வரும். ஆனால் தொழில் மையத்து அதிகாரி கம்பெனிக்குப் போன் போட்டு வாங்கித் தருவார் என்று நினைத்துப் போகாதீர்கள். மையம் உங்களுக்கு வழி காட்டும் இடம், அவ்வளவுதான். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மாநில அரசு அமைத்திருக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலிடம் இருக்கிறது. 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தின் 15 முதல் 24 வரையான பிரிவுகள் முழுக்க உங்கள் பாக்கியைப் பற்றித்தான் பேசுகின்றன. ‘அலைச்சல்தான் மிச்சம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பத்துப் பிரிவையும் படித்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் எழுதியதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: கோவைப் பக்கம் லேத் பட்டறை, பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறீர்கள், 4 லட்சம் நிற்கிறது, ‘அடுத்த வாரம்’ என்றே 8 மாதம் ஓட்டிவிட்டார்கள்.

முதலில் உத்யம் சான்றிதழை (குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு) எடுத்து அதில் பதிவு தேதியைப் பாருங்கள். பிறகு கம்பெனி கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரின் (பி.ஓ.) தேதியைப் பாருங்கள். பி.ஓ.வுக்கு முன்பே பதிவு இருந்தால் கவலையில்லை. பின்னால் பதிவு செய்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கும் முதல் ஆயுதமே அதுதான். ஒப்பந்தத் தேதியில் பதிவு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் 2022-லும் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு அமர்வு அதை ஏற்காமல், பெரிய அமர்வு முடிவு செய்யட்டும் என்று அனுப்பியது. எந்தப் பக்கம் முடிந்தாலும் சரி, இன்னும் பதிவு செய்யாதவர்கள் இன்றைக்கே செய்துவிடுங்கள். ஆதார், பான், ஜிஎஸ்டி எண் போதும், கட்டணம் கிடையாது. கடைத்தெரு ஏஜெண்டுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் 2021 ஜூலை முதல் உத்யம் கொடுக்கிறார்கள், ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். பாக்கி வசூலுக்கு உதவாது. நீங்கள் கடைந்து கொடுப்பவர், அதனால் உள்ளே வருகிறீர்கள்.

இனி கெடு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும், ஆனால் அது 45 நாளைத் தாண்டக்கூடாது. பி.ஓ.வின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘90 நாள்’ என்று அச்சடித்திருந்தாலும் 45 தான். ஒப்பந்தமே இல்லையென்றால் சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 15 நாள். ‘ஏற்கப்பட்ட நாள்’ என்றால் சரக்கு போய்ச் சேர்ந்த நாள். ரிஜெக்ஷன் இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆறு மாதம் கழித்துப் பணம் கேட்கும்போது ‘சைஸ் சரியில்லை’ என்று தொகையைக் கழித்து டெபிட் நோட் போடுகிறார்களே, அதை உடைக்கும் இடம் இதுதான்.

பெரும்பாலான வழக்குகள் சறுக்குவதும் இதே இடத்தில்தான். உங்கள் டெலிவரி சலான் நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கேட்டில் குத்திய வட்ட இன்வர்ட் சீல், அதன் மேல் செக்யூரிட்டி கிறுக்கிய இனிஷியல், கார்பனில் பாதி விழாத எண். தேதி எங்கே? பல சலானில் தேதியே இருக்காது. தேதி இல்லையென்றால் 45 நாள் எப்போது தொடங்கியது என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. இனிமேல் சரக்கு இறக்கும் பையனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்: சீல், தேதி, பெயர் மூன்றும் இல்லாமல் சலானைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. அன்று மாலையே சலானைப் போட்டோ எடுத்து அவர்கள் ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ் இரண்டுக்கும் மெயில் அனுப்பிவிடுங்கள்.

பழைய சலானில் தேதி இல்லாவிட்டால் வேறு ஆதாரங்கள் உண்டு. வருமான வரித் தளத்தில் உங்கள் வரிப் பிடித்தக் கணக்கான 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பாருங்கள். ஜாப் ஒர்க்குக்கு அவர்கள் டிடிஎஸ் பிடித்திருந்தால், எந்தத் தேதியில் எவ்வளவு தொகையை உங்கள் கணக்கில் வரவு வைத்தார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும். பில்லை ஏற்காதவன் டிடிஎஸ் பிடிக்க மாட்டான். மார்ச் முடிந்ததும் ஆடிட்டருக்காக அவர்கள் அனுப்பும் பாக்கி உறுதிக் கடிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் கம்பெனி கையெழுத்துப் போட்டு அந்தத் தொகையை ஒப்புக்கொண்டால், வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலவரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். கவுன்சிலின் சமரசக் கட்டத்துக்குக் காலவரம்பு இல்லை, நடுவர் விசாரணைக் கட்டத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. அதனால் மூன்று வருடத்தைத் தாண்ட விடாதீர்கள்.

வட்டி: ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5% ஆக இருக்கும்போது உங்களுக்கு 16.5%, அதாவது மாதம் 1.375%. 4 லட்சத்துக்கு முதல் மாதம் 5,500 ரூபாய், இரண்டாம் மாதம் 5,576, ஒரு வருடம் முடியும்போது ஏறக்குறைய 71,200. 2023 பிப்ரவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை விகிதம் 6.75% இருந்தது; அந்தக் காலத்துப் பாக்கிக்கு 20.25% போட வேண்டும். ஒவ்வொரு பில்லுக்கும் கெடு முடிந்த நாள் வேறு, ஆகவே பில் வாரியாகத் தனித்தனி வரி போட்டு எக்செல்லில் கணக்கு வையுங்கள். மொத்தமாக ஒரு தொகையை எழுதிக் கொடுத்தால் முதல் விசாரணையிலேயே திருத்திக் கொண்டுவரச் சொல்வார்கள்.

மனு போடுவதற்கு முன் ஒரே ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். டெலிவரி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் (பதிவுத் தபால் 2025-இல் அதோடு இணைக்கப்பட்டது), கூடவே மெயில். பர்ச்சேஸ் மேனேஜருக்கு அனுப்பிப் பயனில்லை. நிதிப் பிரிவுக்கும் இயக்குநருக்கும் அனுப்புங்கள். உத்யம் சான்றிதழ், பில் பட்டியல், வட்டிக் கணக்கு இணைத்து நான்கு விஷயத்தை நினைவூட்டுங்கள். கெடு தாண்டிய பாக்கியைக் கட்டும் வருடத்தில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு சொன்னது அது. தாமத வட்டியைச் செலவாகக் காட்டவே முடியாது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் உங்கள் பில்லை வைத்து அவர்கள் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். உங்கள் பாக்கிக்கு 8 மாதம், அதாவது அந்தக் கெடு தாண்டியாயிற்று. கம்பெனியாக இருந்தால் 45 நாள் தாண்டிய பாக்கியை எம்எஸ்எம்இ படிவம் 1-இல் ஏப்ரல் 30, அக்டோபர் 31 கெடுவுக்குள் அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் இந்தக் கடிதம் போனால் அவர்கள் ஆடிட்டரே செக் போடச் சொல்ல வாய்ப்பு அதிகம். ‘உத்யமை ரத்து பண்ணிடுங்க, ஆர்டர் தர்றோம்’ என்று கேட்கும் பார்ட்டியும் உண்டு. தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்கும் மசியாவிட்டால் மனு. 2017-இல் வந்த சமாதான் தளம், 2025 ஜூன் 27 அன்று தொடங்கிய ஆன்லைன் தகராறு தீர்வுத் தளம், இரண்டில் புதிய மனுவை இப்போது எதில் ஏற்கிறார்கள் என்று தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். பி.ஓ., பில், சலான், மெயில்கள், வட்டிக் கணக்கு எல்லாம் வேண்டும். பி.ஓ. வாய்மொழியாக வந்திருந்தால் வாட்ஸ்அப் உரையாடலையும் சேருங்கள். கம்பெனி புனேயில் இருந்தாலும், பி.ஓ.வில் ‘புனே நீதிமன்ற எல்லை’ என்று போட்டிருந்தாலும், உங்கள் பட்டறை இருக்கும் பகுதிக் கவுன்சில்தான் விசாரிக்கும். கோவையிலேயே மண்டலக் கவுன்சில் இருக்கிறது, சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ‘எங்கே முடிகிறது’ என்று சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். பல வழக்குகள் அதைத் தாண்டுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் சிவில் கோர்ட்டில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. உத்தரவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் கம்பெனி 75% பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அதில் ஒரு பகுதியை உங்களுக்குத் தரச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம்.

‘திவால் சட்டத்தில் நோட்டீஸ் விடு’ என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2020 மார்ச்சில் அதன் குறைந்தபட்சத் தொகையை 1 லட்சத்திலிருந்து 1 கோடி ஆக்கிவிட்டார்கள். 4 லட்சத்துக்கு அந்தக் கதவு மூடியாயிற்று.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பணம் வராத பில்லுக்கும் அடுத்த மாதமே பட்டறைக்காரர் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். ஆர்டர் இல்லாமல் லேத் சும்மா நின்றாலும் மின்வாரியத்துக்கு நிலைக்கட்டணம் போகிறது; கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்தது 2022 செப்டம்பர் 10 முதல் இரட்டிப்புக்கும் மேல் ஆகிவிட்டது. அரசுக்குத் தர வேண்டியதற்கு ஒரு நாள் தவணை கிடையாது, அவருக்கு வர வேண்டியதற்கு மட்டும் எட்டு மாதம் பொறுமை வேண்டும் என்றால் அது நியாயமே இல்லை. நிற்கும் மெஷின் உண்மையிலேயே ஓடப்போவதில்லை என்றால் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் குறைக்க மனு கொடுங்கள். அதையாவது மிச்சம் பிடிக்கலாம்.

ஆர்டர் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அது சின்ன விஷயமல்ல. கம்பெனியின் விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் இருந்தால் சண்டையில்லாமல் ஒரு வழி உண்டு. அப்படிப்பட்ட கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் ட்ரெட்ஸ் என்ற, பில்லை வைத்துப் பணம் பெறும் ஆன்லைன் தளத்தில் சேர்ந்திருக்க வேண்டும். புது பில்களையாவது அதில் ஏற்றச் சொல்லுங்கள். கம்பெனி பில்லை ஏற்றதும் வங்கிகள் ஏலம் கேட்டு, கழிவு போகப் பணத்தை உங்கள் கணக்கில் போட்டுவிடும். பிறகு கம்பெனி கட்டாவிட்டாலும் உங்களிடம் திரும்பக் கேட்க மாட்டார்கள். பழைய 4 லட்சத்துக்குக் கடிதம், புதிய பில்லுக்கு ட்ரெட்ஸ், இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள்.