ஊருணிய மூடுற ஆகாயத்தாமரை: கேட்டதும் சொன்னதும்

ஊருணி கண்மாய் பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு போன வாரம் சொல்லியிருந்தேன், நெறைய வந்திருக்கு. காரைக்குடி சுத்துவட்டாரத்துல வருஷக்கணக்கா ஊருணி வேலைல கூட நின்னவன்ங்கற முறையில, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர்ல இருக்க எங்க ஊர் ஆளுக காசு அனுப்பி, ஜேசிபி வச்சு ஊருணிய சுத்தமா அள்ளினோம். மழை முடிஞ்சு மூணு மாசத்துல திரும்ப பச்சைப் பாய் விரிச்ச மாதிரி மூடிருச்சு. எங்க தப்பு பண்ணோம்?

இதே கதைதான் தம்பி எங்க ஊர்லயும் நடந்துச்சு, இன்னமும் அந்த வருத்தம் போகல. ஆகாயத்தாமரை (வெங்காயத்தாமரைன்னும் சொல்லுவாங்க, தண்ணில மெதக்குற செடி) நல்ல சாப்பாடு கெடச்சா ரெண்டு வாரத்துல ரெட்டிப்பாகும், கரையோரம் 10 செடி விட்டுப் போனாக்கூட 20 வாரத்துல 10,240 ஆகுதுன்னு கணக்கு போட்டுப் பாருங்க. அதோட விதை சேத்துக்குள்ள 15, 20 வருஷம்கூட உசுரோட கெடக்கும், கோடையில தண்ணி வத்தி சேறு வெளிய தெரிஞ்சு மறுபடி முதல் மழை பெய்யும்போது மொத்தமா மொளைக்கும். அந்தக் குட்டிச் செடிய பூ வைக்கறதுக்கு முன்னாடி கையால புடுங்குறதுதான் முக்கியமான வேலை, யாரும் அதை செய்யறதில்ல, ஜேசிபி போனதும் போட்டோ எடுத்துட்டு போயிடறோம்.

ஆனா பெரிய விஷயம் சாப்பாடு. நம்ம ஊர்ல வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, விழுந்த மழைத்தண்ணி தெரு வாய்க்கால்ல எறங்கி ஊருணிக்கு போகற மாதிரி கட்டி வச்சாங்க. இப்ப அதே வாய்க்கால்ல குளியலறைத் தண்ணி, துணி துவைச்ச தண்ணி, சில எடத்துல செப்டிக் டேங்க் வழிசல் எல்லாம் சேத்து விட்டாச்சு. சோப்புத்தூள்ல உள்ள பாஸ்பேட்டும் சாக்கடையில இருக்க நைட்ரஜனும்தான் இந்தச் செடிக்கு உரம். அதை நிறுத்தாம செடிய மட்டும் அள்ளினா, அடுப்ப அணைக்காம பால இறக்கி இறக்கி வைக்கிற மாதிரிதான்.

இன்னொன்னு, எங்க ஊர்ல மிஷின் ஓட்டுன பையன் அடியில இருந்த களிமண்ணையும் சேத்து தோண்டிட்டான், செம்பராங்கல் படிக்கட்டும் ரெண்டு எடத்துல பேந்துச்சு. களிமண் போனா தண்ணி நிக்காது. கரையில கூட நின்னு, கரும்சேறு முடிஞ்சு களி தெரிஞ்சதும் நிறுத்த சொல்லணும்.

கேள்வி: மருந்து அடிச்சா ஒரே வாரத்துல கருகிடும்னு சொல்றாங்களே?

கருகும்தான். கருகின அத்தனையும் தண்ணிக்குள்ள மூழ்கி அழுகும், அழுகும்போது ஆக்சிஜன் எறங்கும், மறுநா காலைல மீன் வெள்ளையா மிதக்கும், உரம் பூரா திரும்ப தண்ணிக்கே போகும். ஆடுமாடு குடிக்கிற, ஆளுக குளிக்கிற ஊருணில களைக்கொல்லி வேண்டவே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

கேள்வி: புல்கெண்டை மீன் விட்டா இந்தச் செடிய தின்னுடுமா?

புல்கெண்டை வேலம்பாசி மாதிரி தண்ணிக்குள்ள இருக்கறத நல்லா தின்னும். ஆகாயத்தாமரைய நம்பி விடாதீங்க.

கேள்வி: செடிய தின்னுற வண்டு இருக்காமே?

இருக்கு, 1980கள்ல வெளிநாட்டுல இருந்து பெங்களூருக்கு கொண்டுவந்து ஏரிகள்ல விட்டாங்க. தம்மாத்துண்டு கூன்வண்டு, இலைய சொரண்டும், அதோட புழு காம்பத் தொளைக்கும். ஆனா பலன் தெரிய வருஷக்கணக்காகும், செடி வருஷம் பூரா இருந்தாதான் வண்டும் பொழைக்கும். சித்திரையில வறண்டு வெடிச்சுப் போற நம்ம ஊருணிக்கு கைவேலைதான் சரி.

கேள்வி: தம்பி, தெருவுல கொசு தாங்கல, இந்தச் செடியாலயா? (கானாடுகாத்தான் பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி)

இந்தச் செடியும் ஒரு காரணம் ஆச்சி, ஒரு செடிய புடுங்கி வேர ஒரு வெள்ளக் கிண்ணத்துல அலசிப் பாருங்க. மேன்சோனியான்னு ஒரு கொசு இருக்கு, அதோட புழு மேல வந்து மூச்சு விடாது, வேருக்குள்ள குழாயக் குத்தி அங்கருந்தே காத்து இழுக்கும், அதனால எண்ணெய் ஊத்துனாலும் சாகாது. யானைக்கால் பரப்புற கொசு வகையில இதுவும் ஒண்ணு. செடிய எடுத்தா இதுவும் போயிடும்.

கேள்வி: எடுத்த செடிய என்ன பண்றது? மாட்டுக்கு போடலாமா, கொட்டான் பின்னலாமா?

முக்கால்வாசிக்கும் மேல தண்ணிதான், 100 கிலோ அள்ளினா காஞ்சு 10 கிலோகூட தேறாது. அதனால முதல்ல கரையில காயவிடுங்க, ஆனா வரத்துப் பக்கம் குவிக்காதீங்க, மழைக்கு அழுகி சாறு திரும்ப உள்ளதான் எறங்கும். பூவையும் விதையையும் கழிச்சுட்டு சாணியோட அடுக்கி மக்க வச்சா தென்னைக்கு நல்ல உரம். மாட்டுக்கு வேண்டாம், சாக்கடைல உள்ள ஈயம் மாதிரி உலோகத்தையெல்லாம் இழுத்து வச்சிருக்கும். கொட்டான் நம்ம பனையோலைல பின்னுறது, அதுக்கு இது ஆகாது, ஆனா காஞ்ச காம்ப முறுக்கி கயிறாக்கி கூடை பின்னுறாங்க, செஞ்சு பாக்கலாம்.

கேள்வி: தேத்தாங்கொட்டை உரசினா ஊருணித் தண்ணிய குடிக்கலாமா?

எங்க அப்பத்தா பானைக்கு உள்பக்கம் வட்டமா உரசுவாங்க, காலைல பாத்தா கலங்கல் பூரா அடியில படிஞ்சு மேல கண்ணாடி மாதிரி நிக்கும். அது கலங்கலத்தான் எடுக்கும், கிருமிய கொல்லாது, கொதிக்க வைக்கணும். தண்ணி மேல பச்சைப் பெயிண்ட் ஊத்துன மாதிரி பாசி படிஞ்சிருந்தா கொதிக்க வச்சும் குடிக்காதீங்க, அதுல சில பாசியோட விஷம் கொதிச்சாலும் போகாது. நைட்ரேட்டும் டெஸ்ட் பண்ணுங்க, லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டக்கூடாது.

கேள்வி: தாமரை, அல்லியையும் புடுங்கணுமா?

வேண்டாம், அது நம்ம செடி. பாதிக்கு மேல மூடினா மட்டும் கொஞ்சம் கழிச்சு விடுங்க.

கேள்வி: ஊர்ல பாதி வீடு பூட்டிக் கெடக்கு, நாங்க ஆறு பேர்தான். எங்க ஆரம்பிக்கிறது?

ஆறு பேர் போதும்ப்பா. இப்ப மழை இல்லாத நாள்ல வரத்து வாய்க்கால் ஓரமா ஊருணில இருந்து தெரு வரைக்கும் நடந்து போங்க. மழை இல்லாமலே எங்க தண்ணி ஓடுதோ அது சாக்கடை, அந்த வீட்டைக் குறிச்சுக்கங்க. சண்டைக்குப் போகாம, வீட்டுக்கு பின்னாடி ஒரு உறிஞ்சுகுழி தோண்டித் தர்றோம்னு கேளுங்க, எடம் இருந்தா பக்கத்துல கல்வாழை வச்சு விடுங்க, குளிக்கிற தண்ணிய அது நல்லா குடிக்கும். செப்டிக் டேங்க் வழிசலா இருந்தா மட்டும் பஞ்சாயத்துல எழுதிக் குடுங்க. ஆடி ஆவணிக்குள்ள இத முடிச்சுட்டு, அப்புறமா செடிக்கு எறங்குங்க. காத்து எந்தக் கரைக்கு ஒதுக்குதோ அங்கயே கயிறு போட்டு இழுத்தா பாதி வேலைய காத்தே செஞ்சு குடுத்துடும்.