கொரியத் தொடர்களில் எதைப் பார்க்கலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கொரியத் தொடர்களைப் பற்றி வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் பேசுகிறார்கள். நான் இதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அண்மையில் வந்தவற்றில் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்’ என்று தயங்காமல் சொல்வேன். 2025 மார்ச் மாதம் நெட்ஃபிளிக்ஸில், வாரத்துக்கு நான்கு எபிசோடுகளாக நான்கு வாரங்களில் வெளியான 16 எபிசோடு தொடர் இது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் 1950களில் பிறந்து, கவிஞராக வேண்டும் என்று ஆசைப்படும் ஏ-சுன் என்ற ஏழைப் பெண்ணையும், சிறு வயதிலிருந்தே அவளையன்றி வேறு எதையும் நினைக்கத் தெரியாத குவான்-சிக்கையும், அவர்களுடைய பிள்ளைகளையும் பல பத்தாண்டுகளுக்குப் பின்தொடர்கிறது கதை. இளம் வயது ஏ-சுன்னாகவும் பின்னர் அவளுடைய மகளாகவும் ஐயூ நடித்திருக்கிறார். நடுவயது ஏ-சுன்னாக மூன் சோ-ரியும், இளைஞன் குவான்-சிக்காகப் பார்க் போ-கமும், வயது முதிர்ந்தவராகப் பார்க் ஹே-ஜூனும் வருகிறார்கள்.

ஏ-சுன்னின் தாய் ஒரு ஹேன்யோ. மூச்சுக் கருவி எதுவும் இல்லாமல் கடலுக்குள் மூழ்கி, அபலோன் என்னும் விலையுயர்ந்த கடல் நத்தை போன்றவற்றை எடுத்துவந்து குடும்பத்தைக் காப்பாற்றும் ஜேஜு தீவுப் பெண்களுக்கு அந்தப் பெயர். நாளெல்லாம் கடலிலேயே கிடக்கும் தாயைப் பற்றிச் சிறுமி ஏ-சுன் ஒரு கவிதை எழுதுகிறாள். அபலோன் விற்றால் கிடைக்கும் காசைத் தானே கொடுத்து அம்மாவின் ஒரு நாளை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். யோம் ஹே-ரான் அந்தத் தாயாகத் தோன்றும் நேரம் குறைவுதான் என்றாலும், கடைசி எபிசோடு வரை அவர் திரையிலேயே இருப்பது போன்ற உணர்வை அந்தக் கவிதை ஏற்படுத்திவிடுகிறது.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். குவான்-சிக்கின் வீட்டில் ஆண்கள் ஒரு மேசையிலும், பெண்கள் பின்னால் வேறொரு மேசையிலும் அமர்ந்து சாப்பிடுவார்கள். ஒரு நாள் அவன் ஆண்கள் மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மனைவி இருக்கும் பக்கம் பார்த்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்குகிறான். நீண்ட வசனம் எதுவுமில்லை, யாரையும் அவன் எதிர்த்துப் பேசவில்லை. பெண்ணின் நிலை பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும் தொடர்கள் சொல்ல முடியாததை உட்காரும் திசையை மாற்றியே சொல்லிவிடுகிறார்கள். தென்கொரியாவின் முக்கியமான கலை விருதுகளான பேக்சாங் விருதுகளில், அந்த ஆண்டு சிறந்த தொடருக்கான விருதும் திரைக்கதைக்கான விருதும் இதற்குக் கிடைத்தன. யோம் ஹே-ரானுக்குத் துணை நடிகைக்கான விருது கிடைத்தது.

கேள்வி: பிடித்த நடிகர் நடித்திருக்கிறார் என்று நம்பிப் பார்க்கத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிடுகிறேன். நல்ல தொடரை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. எழுதியவர் யார் என்று பாருங்கள். கொரியத் தொடர்களில் பெரும்பாலும் ஓர் எழுத்தாளரே, சில வேளைகளில் இருவர் சேர்ந்து, முதல் எபிசோடு முதல் கடைசி எபிசோடு வரை எழுதுகிறார்கள். ஆகவே அவர்களுடைய மனம் எதில் தங்கும், எதைக் கடந்து போகும் என்பது தொடருக்குத் தொடர் மாறுவதில்லை. மேலே சொன்ன தொடரை எழுதிய லிம் சாங்-சூன்தான் 2019இல் வந்த ‘வென் தி கமீலியா ப்ளூம்ஸ்’ தொடரையும் எழுதினார்; சிற்றூர்ச் சந்தைப் பெண்களின் வாய்ச்சண்டையும் வெளியே காட்டாத பாசமும் இரண்டிலும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. ‘மை மிஸ்டர்’ தொடரைப் பார்த்து மனம் கனத்தவர்களுக்கு, அதே பார்க் ஹே-யங் எழுதிய ‘மை லிபரேஷன் நோட்ஸ்’ கட்டாயம் பிடிக்கும்.

2025ஆம் ஆண்டின் நடுவில் டிவிஎன் அலைவரிசையில் 12 எபிசோடுகளாக வந்த ‘அவர் அன்ரிட்டன் சியோல்’ தொடரையும் இந்த வழியில்தான் தேர்ந்தெடுத்தேன். எழுதியவர் லீ காங்; 1980ஆம் ஆண்டு குவாங்ஜு நகரில் நடந்த மக்கள் எழுச்சியைப் பின்னணியாக வைத்து ‘யூத் ஆஃப் மே’ தொடரை எழுதியவர். புதிய தொடரில் பார்க் போ-யங் இரட்டைச் சகோதரிகளாக நடிக்கிறார். ஒருத்தி சியோலில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்தபடி, சக ஊழியர்களால் ஒதுக்கப்பட்டுத் தினமும் நொறுங்குகிறாள். மற்றவள் ஓட்டப்பந்தய வீராங்கனையாக வளர்ந்து, காயத்தால் எல்லாவற்றையும் இழந்து, ஊரிலேயே கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறாள். இருவரும் இடம் மாற்றிக்கொள்கிறார்கள். பழைய கதைக்கருதான், ஆனால் ஆள்மாறாட்டக் குழப்பங்களை வைத்துச் சிரிக்கவைக்க இந்தத் தொடர் முயலவில்லை. தன் துன்பம் சோம்பல் என்றும் அடுத்தவர் துன்பம் உழைப்பு என்றும் நினைத்துத் தன்னிடம் மட்டும் கடுமையாக நடந்துகொள்ளும் மனிதர்களை நிதானமாகக் காட்டுகிறது. பார்க் போ-யங் இரண்டு பெண்களையும், அவர்கள் ஒருவர்போல் மற்றவர் நடிக்கும்போது வெளிப்படும் வேறு இரண்டு பெண்களையும், குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே பிரித்துக்காட்டுகிறார்.

கேள்வி: தமிழ் டப்பிங்கில் பார்க்கலாமா, சப்டைட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: சில தொடர்களுக்கு மட்டுமே தமிழ் டப்பிங் உண்டு. வேலை செய்துகொண்டே பார்ப்பவர்களுக்கும், வேகமாக வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும் அது பெரிய உதவி. என்றாலும் குரலே உயிராக இருக்கும் தொடர்களில் மூலக் குரலை இழந்துவிடாதீர்கள். 2024இல் வந்த ‘ஜியோங்னியோன்: தி ஸ்டார் இஸ் பார்ன்’ நல்ல எடுத்துக்காட்டு. கொரியப் போருக்குப் பிந்தைய 1950களில், ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்று நடித்த இசை நாடகக் குழுக்களைப் பற்றிய 12 எபிசோடு தொடர் அது. கதாநாயகி கிம் தே-ரி இதற்காகப் பல ஆண்டுகள் ‘பான்சோரி’ என்னும் மரபுப் பாட்டைப் பயின்று தாமே பாடியிருக்கிறார். மேடைக் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டாமல் நீளமாக ஓடவிட்டிருப்பதால், அந்தக் குரல் தடுமாறுவதையும் மீண்டும் எழுவதையும் நாம் முழுமையாகக் கேட்க முடிகிறது.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் ‘ஸ்க்விட் கேம்’ பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அனுமதிக்கலாமா?

பதில்: வேண்டாம். கடனில் மூழ்கியவர்கள் பரிசுப் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்து விளையாடும் வன்முறைக் கதை அது; கொரியாவிலேயே சிறுவர்களுக்கு அனுமதிக்கப்படாத தொடர். பெரியவர்களுக்கு அதன் முதல் பருவத்தை மட்டும் பரிந்துரைப்பேன். 2024 டிசம்பரிலும் 2025 ஜூனிலும் வந்த அடுத்த பருவங்களில் விளையாட்டுகள் இருந்தன, முதல் பருவத்தில் கடன்பட்ட மனிதர்கள் மேல் நமக்கு உண்டான கவலை இல்லை.

மகனுடன் சேர்ந்து பார்க்க 2022இல் வந்த ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ பொருத்தமானது. ஆட்டிசம் உள்ள இளம் வழக்கறிஞராகப் பார்க் உன்-பின் நடித்தது. அதிகம் அறியப்படாத ஈஎன்ஏ அலைவரிசையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பார்வையாளர்களுடன் தொடங்கி, கடைசி எபிசோடில் 17 சதவீதத்தைத் தாண்டியது. ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லோரும் இப்படி அபார நினைவாற்றலுடன் இருப்பார்கள் என்று மகன் எண்ணிவிடாமல் நீங்கள் பக்கத்தில் இருந்து பேசுவது நல்லது. 7, 8ஆம் எபிசோடுகளில், நெடுஞ்சாலை போடுவதால் இரண்டாகப் பிளக்கப்படவிருக்கும் ஒரு கிராமமும், அதன் மேட்டில் நிற்கும் பெரிய மரமும் வரும். சாங்வோன் நகரில் உண்மையாகவே நிற்கும் அந்த மரம், தொடர் ஒளிபரப்பான அதே ஆண்டிலேயே அரசால் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒரு கதை ஒரு மரத்துக்குக் காவல் வாங்கிக்கொடுத்தது என்பதை உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: அரண்மனைச் சதிகள் இல்லாத வரலாற்றுத் தொடர் ஏதாவது உண்டா?

பதில்: 2023இல் எம்பிசி அலைவரிசையில் வந்த ‘மை டியரஸ்ட்’. 1636ஆம் ஆண்டு, மஞ்சூரியாவை ஆண்ட சிங் அரசின் படைகள் கொரியாவுக்குள் புகுந்தபோது மன்னர் மலைக்கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்து, மறு ஆண்டு சரணடைந்தார். தொடரின் கண்கள் மன்னர் மீது அதிக நேரம் நிற்பதில்லை. கைதிகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆயிரக்கணக்கான மக்களைப் பின்தொடர்ந்து எல்லை கடந்து செல்கின்றன. சிறைப்பட்டு மீண்டு வந்த பெண்களைச் சொந்தக் குடும்பங்களே ஏற்க மறுத்த கொடுமை வரலாற்றில் நடந்ததுதான். முற்பாதியில் விளையாட்டுப் பெண்ணாக இருக்கும் கில்-சே, அந்தக் கேள்வியின் முன் நிற்கும்போது நடிகை ஆன் உன்-ஜின் காட்டும் நிமிர்வுக்காகவே 21 எபிசோடுகளையும் பார்க்கலாம். தொடக்க எபிசோடுகளின் காதல் விளையாட்டைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போர் வந்ததும் தொடரின் முகமே மாறிவிடும்.

கேள்வி: எனக்கு நேரம் குறைவு. ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடியது எது?

பதில்: ‘தி ட்ராமா கோட்: ஹீரோஸ் ஆன் கால்’. 2025 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, எட்டே எபிசோடுகள். படுகாயமடைந்தவர்களைக் காப்பாற்றும் பிரிவு ஒவ்வோர் உயிரைக் காப்பாற்றும்போதும் மருத்துவமனைக்கு நட்டம் கூடுகிறது என்பதே அங்குள்ள சண்டை. அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் ரத்தம் அதிகம் என்பதால் சாப்பிடும் நேரத்தில் பார்க்க வேண்டாம். அறுவை மருத்துவர் பேக் காங்-ஹ்யோக்காக வரும் ஜு ஜி-ஹூனின் வேகம் மிகை என்று தோன்றலாம். ஆனால் அவரிடம் அடிபட்டு, திட்டு வாங்கி, மெல்லத் தன் கைகளை நம்பத் தொடங்கும் இளம் மருத்துவரைக் கவனித்துக்கொண்டே வாருங்கள், தொடரின் உண்மையான கதை அவருடையதுதான்.