கணினி கேள்வி–பதில்: லட்ச ரூபாய் பெட்டி ஏன் திக்குகிறது?

இந்த மாதம் கேமிங் பிசி பற்றிய கடிதங்களாகவே வந்து குவிந்திருக்கின்றன. லீவு விட்டாச்சு, வேறென்ன. பிரிண்டர், எக்செல் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரைசன் 7 7800எக்ஸ்3டி சிபியு, ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம். மூலையில் எஃப்பிஎஸ் 120 என்றுதான் காட்டுகிறது. ஆனாலும் கேமில் புது இடத்துக்குள் போகும்போதெல்லாம் ஒரு குதி குதிக்கிறது. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், டிரைவர் வரவர அப்டேட் செய்கிறேன், அப்படியும் போகவில்லை. என்னதானுங்க பிரச்சினை?
— கல்லூரி மாணவர், பீளமேடு

தம்பி, முதலில் அந்த மூலையில் ஓடும் எண்ணை மறந்துவிடுங்கள். எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு, அது சராசரி. 120 எஃப்பிஎஸ் என்றால் 8.3 மில்லிசெகண்டுக்கு ஒரு படம் வர வேண்டும். ஒரு நொடிக்குள் 118 படங்கள் ஏழரை மில்லிசெகண்டுக்கு ஒன்றாக வந்து, ஒரே ஒரு படம் மட்டும் 100 மில்லிசெகண்ட் இழுத்தாலும் மூலையில் 120 என்றுதான் நிற்கும், ஆனால் உங்கள் கண்ணில் உறுத்துவது அந்த ஒரு படம்தான். நம் ஊர்த் தறிக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். சாயங்காலம் மீட்டர் கணக்கு சரியாக வந்துவிடும், ஆனால் நடுவில் தறி நின்று கிளம்பிய இடத்தில் துணியில் ஒரு கோடு விழுந்திருக்கும், சரக்கு எடுக்க வருபவர் மீட்டரை விட்டுவிட்டு அந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொள்வார்.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது ஃப்ரேம் டைம், அதாவது ஒவ்வொரு படமும் வர எடுக்கும் நேரம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் இலவசம், அதில் ஃப்ரேம் டைமை கிராஃபாகத் திரையில் போடலாம். கூடவே சிபியு, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பயன்பாடு, வெப்பம், கிராபிக்ஸ் கார்டின் மெமரி இவற்றையும் போட்டுக்கொண்டு விளையாடுங்கள். கோடு ஏறக்குறைய நேராக ஓடினால் நல்லது. ஊசி மாதிரி எங்கே எழும்புகிறதோ அந்த நிமிடத்தில் மற்ற எண்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள், பாதி வியாதி அங்கேயே தெரிந்துவிடும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பெரும்பாலும் ஷேடர் கம்பைலேஷன். வெளிச்சம், நிழல், தண்ணீர், புகை இவற்றையெல்லாம் எப்படி வரைய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சின்னச் சின்ன புரோகிராம்கள்தான் ஷேடர்கள், அவற்றைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலேஷன். பிளேஸ்டேஷனில் எல்லோருக்கும் ஒரே சிப் என்பதால் அதைக் கம்பெனியிலேயே சமைத்துத் தட்டில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பிசியில் ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு டிரைவர், அதனால் உங்கள் வீட்டில், உங்கள் சிபியுதான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். விண்டோஸில் கேம் கார்டோடு பேசும் வழியான டைரக்ட்எக்ஸ் 12-இல் ஓடும், அன்ரியல் எஞ்சின் என்ற அடித்தள மென்பொருளில் செய்த கேம்கள் பலவற்றில், முன்கூட்டியே இதை முடிக்காமல் விளையாட்டின் நடுவில் செய்யும்போது குதிக்கிறது. குதித்த இடத்துக்கே திரும்பப் போய்ப் பாருங்கள். இரண்டாம் முறை குதிக்கவில்லை என்றால் ஷேடர்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சேர்த்து வைத்த ஷேடர்கள் டிரைவர் மாற்றினால் பெரும்பாலும் செல்லாமல் போய்விடும், விண்டோஸை அழித்தால் கேட்கவே வேண்டாம். அதாவது நீங்கள் செய்த வைத்தியமே ஒவ்வொரு முறையும் வியாதியைத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறது. நன்றாக ஓடும் டிரைவரைக் கொஞ்ச நாள் தொடாமல் விடுங்கள். கேம் திறக்கும்போது ஷேடர் தயாராகிறது என்று காட்டினால் அது முடியும் வரை எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஷேடர் கேச் அளவு (ஷேடர்களைச் சேர்த்து வைக்கும் இடத்தின் அளவு) என்று ஒன்று இருக்கும், அதை 10 ஜிபியோ அதற்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் ஒரே இடத்தில், எத்தனை முறை போனாலும் குதிக்கிறதா? அப்போது அது வேறு ஜாதி. நீங்கள் நகர நகர அடுத்த பகுதியை கேம் லோடு செய்யும்போது வருவது. அதற்கு மூன்று லட்ச ரூபாய் பெட்டியும் தப்பாது, கேம் தயாரித்தவர்கள் பேட்ச் விட்டால்தான் உண்டு. எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு வரம்பு போட்டால் சிபியுவுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்து கொஞ்சம் குறையும். படம் வரும் வேகத்துக்கு மானிட்டரே தன்னை மாற்றிக்கொள்ளும் ஜிசிங்க் அல்லது ஃப்ரீசிங்க் வசதி உள்ள 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டர் என்றால் 138 பக்கம் வையுங்கள். அந்த வசதி இல்லாத மானிட்டர் என்றால் சரிபாதியாக 72. நிலையான 72, ஆடும் 120-ஐவிட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் கடிதம் எழுதலாம்.

பனியன் கம்பெனிக்கு மேல் மாடியில் வீடு. கேம் ஆரம்பிக்கும்போது 140 எஃப்பிஎஸ், அரை மணி நேரம் கழித்து 70-க்கு விழுந்துவிடுகிறது. ஏசி போட்டால் பரவாயில்லை. கார்டு போய்விட்டதா?
— வாசகர், திருப்பூர்

கார்டு போகவில்லை. மூச்சு முட்டுகிறது. ஏசி போட்டால் சரியாகிறது என்று நீங்களே விடையையும் எழுதிவிட்டீர்கள்.

சிப் தன் எல்லையைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெலில் பலவற்றுக்கு 100 டிகிரி, ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95, மேலே தம்பி வைத்திருக்கும் 7800எக்ஸ்3டிக்கு 89. ரூம் சூடு பத்து டிகிரி ஏறினால் பெட்டிக்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும், அக்னி நட்சத்திரத்தில் ஈரோடும் கரூரும் 40-ஐத் தாண்டும் நாட்களில் மாடி ரூம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எச்டபிள்யு இன்ஃபோ என்ற இலவச புரோகிராமை ஓடவிட்டு, எஃப்பிஎஸ் விழும் நேரத்தில் வெப்பம் எவ்வளவு, கிளாக் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். அல்லது இன்னும் சுலபமாக, பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் விளையாடுங்கள். விழாமல் நின்றால் காற்றோட்டம்தான் குறை.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது பஞ்சு. சாதாரண வீட்டுத் தூசி உதிர்ந்துவிடும், பனியன் துணியிலிருந்து பறக்கும் பஞ்சு ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு ஏடு கட்டிவிடும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டி இருப்பவர்களுக்கும் இதே கதை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசி. முன்பக்க ஃபில்டரை எல்லோரும் துடைக்கிறார்கள், சரி. லிக்விட் கூலர் இருந்தால் ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில்தான் பஞ்சு ஒளிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ஃபேனைத் திருகு கழற்றி எடுத்தால்தான் தெரியும் லட்சணம். கார்டின் ஹீட்சிங்கிலும் அப்படியே.

பவரை முழுவதும் எடுத்துவிட்டு, பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் கை புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறியாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். கீழே கம்பெனியில் கம்ப்ரசர் இருக்கிறதே என்று அதைக் கொண்டுவராதீர்கள், அதன் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம். ஊதியும் இறங்கவில்லை என்றால், வாங்கி மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால், சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள். மேஜைக்கு அடியில் மூடிய மர அறைக்குள் பெட்டியைத் தள்ளி வைத்திருந்தால், அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம்.

பையன் கேட்டான் என்று ஒன்றரை லட்சம் போட்டு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேனுங்க. ஆறு மாதம்கூட ஆகவில்லை, கேம் சரியாக ஓடவில்லை, பெரிய கார்டு மாற்ற வேண்டும் என்கிறான். மஞ்சள் விற்ற பணம். மாற்றித்தான் ஆகணுங்களா?
— ஒரு தந்தை, கோபிசெட்டிபாளையம்

ஐயா, பணத்தை எடுக்காதீர்கள். பையன் பொய் சொல்கிறான் என்று சொல்ல வரவில்லை, ஓடாமல் இருக்கலாம், ஆனால் ஆறு மாதப் பெட்டியில் செலவில்லாமல் சரியாகும் விஷயங்களே முதலில் பார்க்க வேண்டியவை. இந்தப் பக்கத்தை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

தம்பிக்கு: மானிட்டர் கேபிள் பின்னால் எங்கே செருகியிருக்கிறது? மேலே மதர்போர்டில் செருகியிருந்தால் அவ்வளவு பெரிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கீழே படுக்கை வாட்டில் வரிசையாக இருக்கும் கார்டின் போர்ட்டில் செருக வேண்டும். சிரிக்காதே, இப்படி வந்த பெட்டிகள் நிறைய. அடுத்தது விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-லேயே நிற்கிறதா என்று பார். அப்புறம் ராம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திற, டிடிஆர்5 ராம் பெட்டியில் 6000 என்று போட்டிருந்து இங்கே 4800 என்று காட்டினால் மதர்போர்டின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யாமலே கடையில் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ராம் ஒரே குச்சியா இரண்டா என்பதையும் பார். இரண்டு குச்சி, நான்கு ஸ்லாட் என்றால் பெரும்பாலான போர்டுகளில் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் அல்ல. ஒற்றைக் குச்சியில் சராசரி எஃப்பிஎஸ் ஓரளவு வந்துவிடும், திடீர்ச் சரிவுகள்தான் அதிகமாகும்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்கில் கேமைப் போட்டிருக்கிறாயா? எஸ்எஸ்டிக்கு மாற்று. எஸ்எஸ்டியும் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் மந்தமாகும், கொஞ்சம் காலி செய்.

இத்தனையும் பார்த்த பிறகும் திக்கினால், கார்டின் மெமரி 8 ஜிபி என்றால், கேமில் டெக்ஸ்சர் என்பதை மட்டும் ஒரு படி இறக்கிப் பார். புதிய கேம்கள் சில அல்ட்ராவில் 8 ஜிபியைத் தாண்டிவிடும், தாண்டியது சாதாரண ராமுக்கு வழிந்து அங்கிருந்து போய்வர நேரமாகும், அதுதான் குதிப்பு. ஒரு படி இறக்கினால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, அப்பாவுக்கு ஒரு கார்டு மிச்சம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆன்லைன் கேமில் ஒரே லேக். அந்த நேரம் இங்கே வோல்டேஜும் குறைவு. ஸ்டெபிலைசர் வாங்கலாமா, பெரிய யுபிஎஸ் வாங்கலாமா?
— வாசகர், பவானி அருகில்

இரண்டும் இதற்கு மருந்தல்ல. இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் (பெட்டிக்குள் கரன்ட் கொடுக்கும் பகுதி) பல 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். கரன்ட் போதாவிட்டால் பெட்டி அணையும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும், திக்கித் திக்கி ஓடாது. யுபிஎஸ் தேவைதான், அது வேறு காரணத்துக்கு. ஆனால் 600 விஏ யுபிஎஸ்ஸில் கேமிங் பெட்டியைப் போட்டால் விளையாடும்போது கரன்ட் போன அந்த நிமிடமே அதுவும் சேர்ந்து படுத்துவிடும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், நான் சொல்லிவிடுகிறேன்.

கேமுக்குள் நின்ற இடத்திலேயே மவுசை மட்டும் சுற்றிப் பாருங்கள். நீங்கள் திரும்புவது வழவழப்பாக இருந்து, எதிராளிகள் மட்டும் இங்கே மறைந்து அங்கே முளைத்தால் அது இன்டர்நெட். நீங்கள் திரும்புவதே சிக்கிச் சிக்கி வந்தால் அது கம்ப்யூட்டர். நீங்கள் சொல்லும் நேரத்தைப் பார்த்தால் முதல் வகைதான். ஊரே செல்போனில் உட்காரும் நேரம் அது. வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து லேன் ஒயர் இழுத்துப் பாருங்கள், பழைய வீட்டுத் தடிச் சுவர்களைத் தாண்டி வைஃபை வந்து சேருவதற்குள் பாதி போய்விடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் லைன் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

ரைசன் 5 5600எக்ஸ் வைத்திருக்கிறேன். எப்போதாவது ஒருமுறை ஒன்றிரண்டு நொடிக்கு எல்லாமே உறைகிறது, பாட்டும் கரகரவென்று இழுக்கிறது. கேம் இல்லாமல் சும்மா வீடியோ பார்த்தாலும் வருகிறது.
— வாசகி, நாமக்கல்

கேம் இல்லாமலும் வருகிறது, சத்தமும் சேர்ந்து இழுக்கிறது என்பது நல்ல துப்பு, கார்டை விட்டுவிடலாம். ரைசன் பெட்டிகளில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி மதர்போர்டின் பயாஸ் சிப்போடு பேசும்போது இப்படி உறைவதை ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அதற்கான திருத்தம் பயாஸுக்குள் ஏஎம்டி தரும் அஜீசா என்ற பகுதியின் 1.2.0.7 பதிப்போடு அந்த வருடம் மே மாதத்திலிருந்து மதர்போர்டு கம்பெனிகளின் பயாஸ் அப்டேட்டில் வரத் தொடங்கியது. உங்கள் போர்டின் பயாஸ் அதைவிடப் பழையதா என்று பார்த்து, பழையது என்றால் மாற்றுங்கள். மாற்றும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் அதை நிறுத்தி வைத்து, ரெக்கவரி கீயை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள் அம்மிணி. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மட்டும் இதில் கை வைக்காதீர்கள், பாதியில் கரன்ட் போனால் போர்டே போகலாம்.

பயாஸ் ஏற்கெனவே புதிது என்றால் லேட்டன்சிமான் என்ற புரோகிராமை ஓடவிடுங்கள், எந்த டிரைவர் இழுக்கிறது என்று பெயரோடு காட்டும். வைஃபை டிரைவரும் சவுண்ட் டிரைவரும் அடிக்கடி மாட்டும். கலர் லைட் எரியவிடும் சாஃப்ட்வேர் இரண்டு மூன்று ஒன்றாக ஓடினால் அதையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

யூடியூபில் ஒருவர் கேம் பூஸ்டர் போட்டால் எஃப்பிஎஸ் இரண்டு மடங்கு ஆகும் என்கிறாரே?
— வாசகர், தாராபுரம்

ஆகாது. போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதுவும் பின்னணியில் ஓடும் இன்னொரு புரோகிராம்தான்.

கேமிங் லேப்டாப். வீட்டில் நன்றாக ஓடுகிறது, ஹாஸ்டலில் படுமோசம். அதே கேம், அதே செட்டிங்.
— கல்லூரி மாணவி, பெருந்துறை

ஹாஸ்டலில் மெத்தை மேல் வைத்து விளையாடுகிறீர்களா? அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும். அதைவிட முக்கியமாக, பெரிய சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டு டைப்-சி சார்ஜரில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். லேப்டாப்போடு வரும் சார்ஜர் 200 வாட் பக்கம் இருக்கும், டைப்-சியில் பொதுவாக 65 அல்லது 100 வாட்தான் கிடைக்கும், அந்தக் கரன்ட்டில் கார்டு முழு வேகத்துக்குப் போகாது. பேட்டரியில் மட்டும் ஓட்டினாலும் இதேதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தச் செங்கல் சைஸ் சார்ஜரையும் எடுத்து வந்துவிடுங்கள்.